அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி

ஈஸ்டர் விடுமுறை வருகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கேரவன் பற்றியவை. டர்பன் பக்கத்து மவுன்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவை முடித்துக்கொண்டு கையோடு கடற்கரைக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. முதல் கேள்வி பெரியது, பதிலும் நீளும். மற்ற இரண்டும் சின்னவை.

கேள்வி: மாமாவுக்கு வணக்கம். என்னிடம் 1994ஆம் வருடத்து ஸ்பிரைட் கேரவன் இருக்கிறது. அப்பா வாங்கியது. டெக்ஸஸில் இருக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, அங்கே அவர்கள் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிகளில் பொருத்துகிற சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று பாய்கிற வோல்ட்டிலிருந்து சாமான்களைக் காக்கிற பெட்டி) ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தாள். செருகுகிற வகை இல்லை, வயரை உள்ளே முடுக்கி நிரந்தரமாகப் பொருத்துகிற வகை. மேலே 30 ஆம்பியர், 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. என் மச்சான், 'இதையே 50 ஆம்பியர் மாடலாக வாங்கியிருந்தால் 240 வோல்ட், நம்ம ஊருக்குச் சரியாக இருந்திருக்கும்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதும் என்கிறார். சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது. நானே பொருத்தலாமா? மகள் ஆசையாகக் கொண்டுவந்ததை அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. (ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: தம்பி, அலமாரியில்தான் வைக்க வேண்டும். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

நம் தென்னாப்பிரிக்கப் பிளக்கில் வருவது 230 வோல்ட். பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 207லிருந்து 253 வரை. உங்கள் மகள் கொண்டுவந்த வகைப் பெட்டி 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் துண்டிக்கும், 132க்கு மேலே போனாலும் துண்டிக்கும். நம்ம ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் அதன் கண்ணுக்கு அது எந்நேரமும் ஆபத்து. உள்ளே விடவே விடாது. அது நல்லபடியாக நடந்தால். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். அதற்குள்ளே துத்தநாக ஆக்சைடால் செய்த வில்லைகள் இருக்கும், நம்ம ஊர் அச்சு முறுக்கின் நடுவட்டம் அளவு. வேரிஸ்டர் என்பார்கள். குறிப்பிட்ட வோல்ட் வரை மின்சாரத்தைத் தடுத்து நிற்கும், அதைத் தாண்டினால் கதவைத் திறந்து கடத்திவிடும். 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒரு சராசரிக் கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். 120 வோல்ட் ஊருக்காகச் செய்த வில்லை, விநாடிக்கு நூறு தடவை அந்த உச்சியில் கதவைத் திறந்து திறந்து மூடும். சூடேறும். உள்ளே இருக்கும் சூட்டு ஃபியூஸ் பிரிந்தால் நல்லது. பிரியாவிட்டால் சீட்டுக்கு அடியில் புகை.

மச்சான் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது கேட்க நியாயமாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. அமெரிக்காவில் 50 ஆம்பியர் பிளக்குக்கு நாலு கால். இரண்டு லைவ் (கரண்ட் வருகிற கால்), ஒரு நியூட்ரல் (அது திரும்பிப் போகிற கால்), ஒரு எர்த் (மண்ணோடு சேர்கிற காவல் கால்). இரண்டு லைவுக்கும் நடுவில் அளந்தால் 240 வருவது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி ஒவ்வொரு லைவையும் நியூட்ரலோடு வைத்துத்தான் அளக்கும், அங்கே 120தான் இருக்க வேண்டும். நம்மிடம் ஒரே லைவ், அது நியூட்ரலோடு 230. ஆக அந்த மாடலும் பயன்படாது. டிரான்ஸ்பார்மர் வைத்தால், பெட்டி சந்தோஷமாக இருக்கும், உங்கள் ஃபிரிஜும் டிவியும் 120 வோல்ட்டில் என்ன செய்யும்?

இன்னொன்று, இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் திறந்தால் கறுப்பு, வெள்ளை, பச்சை என்று குறித்திருக்கும். அமெரிக்காவில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். வளைந்து கொடுக்கிற கேப்டயர் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். நாற்பது வருடமாகக் கறுப்பைக் கண்டால் நியூட்ரல் என்று கை பழகிய எங்களைப் போன்ற ஆட்களே அந்தப் பெட்டியில் தடுமாறுவோம். எங்கள் ஆலையில் (வடகரைச் சர்க்கரை ஆலை ஒன்றின் எலக்ட்ரிக்கல் வொர்க்ஷாப்பில் 38 வருடம் இருந்தேன்) வெளிநாட்டிலிருந்து இயந்திரம் இறங்கினால் ஃபோர்மன் செய்கிற முதல் வேலை, வயர் நிறப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது. பிறகுதான் திருப்புளியைத் தொட விடுவார்.

சரி, பெட்டி வேண்டாம். ஆனால் உங்கள் மகளுடைய கவலை சரியான கவலை. அந்த அமெரிக்கப் பெட்டி சர்ஜைத் தடுப்பதோடு நிற்கவில்லை. மின்சாரத்தை உள்ளே விடுவதற்கு முன் எர்த் இருக்கிறதா, லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா, வோல்ட் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் விடும். நான் அதில் மதிப்பது அதைத்தான். நம் கடைகளில் கிடைக்கிற சாமான் சர்ஜையும் வோல்ட்டையும் பார்த்துக்கொள்ளும். எர்த்தைப் பார்க்கிற வேலை மட்டும் நம் தலையில்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது.

சில வருடங்களுக்கு முன் ஈஸ்டர் சனிக்கிழமை, தெற்குக் கரையில் ஒரு கேரவன் பார்க். பெயர் வேண்டாம். லோட் ஷெடிங் ராத்திரி பத்து மணிக்கு முடிந்து கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் கேரவனோடு சேர்த்துக் கட்டுகிற ரேலி டென்ட்டில் தொங்கிய பல்பு வெள்ளையாக எரிந்தது, பட்டப்பகல் மாதிரி. என் மனைவி 'என்னங்க, இன்னைக்கு நல்ல கரண்டா விடுறான்' என்றாள். எனக்கு வயிற்றில் கல் விழுந்தது. பல்பு பிரகாசமாக எரிந்தால் எலக்ட்ரீஷியனுக்குச் சந்தோஷம் கிடையாது. இடுப்பில் கட்டிய லுங்கியோடு ஓடிப்போய், கேரவனுக்குக் கரண்ட் கொடுக்கிற நீலப் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் டிவி போய்விட்டது, பேரனுடைய போன் சார்ஜர் போய்விட்டது, ஃபிரிஜ் போர்டும் போய்விட்டது. பக்கத்து ஸ்டாண்டில் (பார்க்கில் கேரவன் நிறுத்துகிற இடம்) இருந்தவரோ 'கெட்டில் கொதிக்கவே மாட்டேங்குது' என்று வந்து நின்றார்.

மல்டிமீட்டரை வைத்தேன். 300ஐத் தாண்டி எண் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பார்க்கின் ஆள், ஸ்டாண்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற பில்லரைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். நியூட்ரல் கம்பியை இறுக்குகிற ஸ்க்ரூ தளர்ந்து, தீய்ந்து, கருகல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. உள்ளே ஒரு பல்லிக் குடும்பம் வேறு.

நியூட்ரல் போனால் ஏன் வோல்ட் ஏறுகிறது? பார்க்குக்கு மூன்று ஃபேஸ் வரும், ஸ்டாண்டுகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபேஸும் நியூட்ரலோடு 230, ஒன்றுக்கொன்று 400. பொது நியூட்ரல் அறுந்துவிட்டால் உங்கள் ஸ்டாண்டும் பக்கத்து ஸ்டாண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 400 வோல்ட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் 2000 வாட் கெட்டில், உங்களிடம் 100 வாட் டிவி, வேறு எதுவும் இல்லை என்று வையுங்கள். கணக்குப் போட்டால் கெட்டிலுக்கு 19 வோல்ட், உங்கள் டிவிக்கு 381 வோல்ட். கெட்டில்காரருக்கு டீ கிடைக்காது, உங்களுக்கு டிவி கிடைக்காது. அதிகம் எரிப்பவன் தப்பிப்பான், சிக்கனக்காரன் மாட்டுவான். இது நியாயமா என்று மனைவி கேட்டாள். மின்சாரத்துக்கு நியாயம் தெரியாது என்றேன்.

இதில் கவனிக்க வேண்டியது, சர்ஜ் புரொடெக்டர் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு என் டிவியைக் காப்பாற்றியிருக்காது. சர்ஜ் என்பது மைக்ரோ விநாடிக் கணக்கு, வாசலைத் தட்டிவிட்டு ஓடுகிற பையன். நியூட்ரல் போனால் வருவது, வந்து சோபாவில் உட்கார்ந்து மூன்று வேளை சாப்பிடுகிற விருந்தாளி. வேரிஸ்டர் வில்லைக்கு அந்த விருந்தாளியைச் சமாளிக்கத் தெம்பு கிடையாது. ஆகவே இரண்டு சாமான் வேண்டும்.

ஒன்று, டின் ரயில் என்கிற உலோகப் பட்டையில் மாட்டுகிற டைப் 2 சர்ஜ் அரெஸ்டர். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் தீப்பொறி இடைவெளி உள்ள வகை. '1+1' என்று போட்டிருக்கும். 275 வோல்ட் அல்லது 320 வோல்ட் தொடர்ச்சியாகத் தாங்குவது, 20 கிலோ ஆம்பியர் சாதாரணமாகவும் 40 கிலோ ஆம்பியர் அதிகபட்சமாகவும் கடத்துவது. முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருக்கும். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் உள்ளே இருக்கும் வில்லையைக் கழற்றி மாற்ற வேண்டும். மாற்றக்கூடியதையே வாங்குங்கள்.

இரண்டு, வோல்ட் காவல் ரிலே. அதே ரயிலில் உட்காரும், எண் ஒளிரும், பொத்தானை அழுத்தி எல்லைகளை நாமே வைக்கலாம். நான் மேல் எல்லை 255, கீழ் எல்லை 195 என்று வைத்திருக்கிறேன். திரும்பக் கரண்ட் விடுவதற்கு 180 விநாடி தாமதம். அந்த மூன்று நிமிடம் ஏர்கண்டிஷனுக்காக. கம்ப்ரஸர் நின்றவுடனே திரும்ப ஓடச் சொன்னால், உள்ளே அழுத்தம் இறங்குவதற்குள் முக்கி முக்கிச் சாகும். கேரவன் ஃபிரிஜ் பெரும்பாலும் கேஸிலும் 12 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் ஓடுகிற மூன்று வழி வகை, அதில் கம்ப்ரஸர் இல்லை, சூடேற்றுகிற எலிமென்ட்தான். அதற்கு வேறு பிரச்சினை: 270 வோல்ட் வந்தால் 38 சதவீதம் அதிகச் சூடு. பழைய எலிமென்ட் அதில் போய்விடும். ரிலே வாங்கும்போது எத்தனை வோல்ட் வரை தானே தாங்கும் என்று பாருங்கள். 400 என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நியூட்ரல் போகிற அன்றைக்கு ரிலேதான் முதலில் போகும். லைவை மட்டுமில்லாமல் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கிற வகையாக இருக்கட்டும். பார்க்குகளில் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கே பொருத்துவது? கேரவன் சுவரில் நீல மூன்று கால் நுழைவாய் இருக்கிறதே, அங்கிருந்து வருகிற வயர், பிரேக்கர்கள் இருக்கிற டி.பி. போர்டுக்குப் போகும் வழியில். முதலில் சர்ஜ் அரெஸ்டர், அப்புறம் ரிலே, அப்புறம் ஏற்கெனவே இருக்கிற எர்த் லீக்கேஜும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற சாமான்) பிரேக்கர்களும். சர்ஜை எர்த் லீக்கேஜுக்குப் பின்னால் வைத்தால், ஒவ்வொரு இடிக்கும் எர்த் லீக்கேஜ் விழும். ரிலேயை முன்னால் வைத்து சர்ஜைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நியூட்ரல் போனால் முன்னால் இருக்கிற சர்ஜ் வில்லை சாகும் என்பது உண்மைதான். ஆனால் ரிலேயை மின்னலுக்குக் கொடுப்பதைவிட, கழற்றி மாற்றக்கூடிய வில்லையைக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது என்கிறீர்கள். கேஸ் சிலிண்டர் பெட்டியும் அதே பக்கமா என்று பாருங்கள். ரிலே துண்டிக்கும்போது உள்ளே பொறி பறக்கும். கேஸ் கசிகிற இடத்துக்கும் பேட்டரிக்கும் தள்ளி வையுங்கள். மூடி வைத்துவிட்டு மறந்துபோகாத இடமாகவும் இருக்கட்டும். என்னுடையது துணி அலமாரிக்குள்ளே, சட்டையை எடுக்கும்போதெல்லாம் பச்சைக் கண்ணாடி தெரிகிற மாதிரி.

நானே பொருத்தலாமா என்று கேட்டீர்கள். கூடாது. 230 வோல்ட் வேலைக்குப் பதிவு பெற்ற ஆள் வேண்டும். 2009ஆம் வருடத்து எலக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் விதிகள் அதற்காகத்தான் ஆட்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. உங்கள் வேலைக்கு அதில் முதல் படியில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் டெஸ்டரே போதும். ஆனால் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். வீடுகளில் வேலை செய்து பழகியவர்கள் கேரவன் ஓடுகிற சாமான் என்பதை மறந்துவிடுவார்கள். நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கின் ஸ்விட்சை அணைத்தது போதாது, நீலப் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சோலார், இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அதையும் அணைக்க வேண்டும். வெளியே கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளேயிருந்து அது 230 கொடுக்கும்.

சர்ஜ் அரெஸ்டருக்குப் போய் வருகிற வயர்கள் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அழகுக்காகச் சுருட்டி வளைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மின்னோட்டம் சட்டென்று ஏறுவதை எதிர்க்கிற குணம் ஒரு மீட்டர் வயரில் ஒரு மைக்ரோ ஹென்ரி இருக்கிறது. மின்னோட்டம் மைக்ரோ விநாடிக்கு ஆயிரம் ஆம்பியர் என்று ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே ஆயிரம் வோல்ட் நிற்கும். சர்ஜ் பெட்டி தடுத்ததை வயர் திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஃபெர்ரூல். கேப்டயர் வயருக்குள்ளே தலைமுடி மாதிரி நூற்றுக்கணக்கான இழைகள். அதை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில் விட்டால், பக்கி (பிக்கப் வண்டி) பின்னால் கல்ரோட்டில் குலுங்கிக் குலுங்கித் தளரும். சிலர் ஈயம் வைத்துக் கெட்டியாக்குவார்கள், அது இன்னும் மோசம். ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கும், ஸ்க்ரூ தானாகத் தளரும். செம்புக் குழாய் மாதிரி இருக்கிற ஃபெர்ரூலை இழைகளின் மேல் போட்டு, அதற்கென்று இருக்கிற இடுக்கியால் ஒரே அழுத்து. 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு வயரைப் பிடித்து ஒரு இழு இழுக்க வேண்டும். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஃபோர்மன் வந்து ஒவ்வொரு வயரையும் இழுப்பார், கையோடு வந்துவிட்டால் அன்றைக்கு டீ கிடையாது. டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் போய்விட்டு வந்த பிறகு என் பெட்டியைத் திறந்து பார்த்தேன், இரண்டு ஸ்க்ரூ கால் சுற்று எடுத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் ஒரு தடவை திருப்புளி வைக்கிறேன்.

நான்காவது, கேரவனின் இரும்புச் சட்டத்துக்குப் பச்சை மஞ்சள் எர்த் வயர் போகிறதா என்று பாருங்கள். 1994 வண்டி, கடற்கரை உப்புக்காற்று. அந்த போல்ட்டுக்குக் கீழே துரு பிடித்திருந்தால் வயர் இருந்தும் இல்லாதது மாதிரிதான். சுரண்டிப் பளபளப்பாக்கி, புது வாஷர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், பார்க்கின் பில்லரில் எர்த் இல்லாவிட்டால் எல்லாம் பொம்மைதான். தீப்பொறி இடைவெளி வந்த சர்ஜை எங்கே தள்ளும்? எர்த் இல்லையே.

எர்த் அறுந்திருப்பதைக் கேரவன் உடம்பே சொல்லும். சார்ஜர், டிவி எல்லாவற்றுக்குள்ளும் சின்ன வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகும். எர்த் அறுந்தால் அவை கேரவனின் அலுமினியத் தோலைப் பாதி வோல்ட்டில், 115 பக்கம், நிறுத்தி வைக்கும். ஈரக் காலோடு புல்லில் நின்று கதவுப் பிடியைத் தொட்டால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும். என் பேத்தி ஒரு தடவை 'தாத்தா, கதவு என்னைக் கடிக்குது' என்று வந்தாள். குழந்தை கதை விடுகிறது என்று யாரும் சிரிக்காதீர்கள், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அந்தப் பாதி வோல்ட் கடித்துவிட்டு விட்டுவிடும், ஆனால் அதே நேரத்தில் ஏதாவது ஒரு சாமானில் லைவ் உடம்பைத் தொட்டால் கடியோடு நிற்காது.

எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், விழுந்தது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அந்தப் பொத்தானுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக லைவையும் நியூட்ரலையும் வைத்தே அது வேலை செய்கிறது. எர்த் கம்பியை வெட்டிப் போட்டாலும் பொத்தானை அழுத்தினால் விழும். அதற்காக அந்தச் சாமானைக் குறைவாக நினைக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியரில் உயிரைக் காக்கிறது. நம் நாட்டில் அதற்கு வழி போட்டவர் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர், 1950களில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக. கேரவனில் அது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதையும் வாங்குவதற்கு முன் அதைத்தான் வாங்க வேண்டும்.

ஆக, ஸ்டாண்டுக்குப் போய் இறங்கியதும் நான் செய்வது இது. வண்டியைச் சமமாக்குவதற்கு முன்னே, அடுப்பைப் பற்றவைக்கிறாள் மனைவி, நான் மல்டிமீட்டரோடு பில்லருக்குப் போகிறேன். லைவுக்கும் நியூட்ரலுக்கும் 207இலிருந்து 253க்குள். லைவுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் 40, 70 என்று அர்த்தமில்லாமல் ஆடினால் எர்த் இல்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 230 காட்டினால் இடம் மாறியிருக்கிறது. இரண்டிலும் வேறு ஸ்டாண்ட் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் மூன்று விளக்கு எரிகிற டெஸ்டர் பிளக் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த டெஸ்டருக்கு நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருப்பது தெரியாது. துரு பிடித்த, மோசமான எர்த்தும் அதற்கு நல்ல எர்த் மாதிரியே தெரியும். மல்டிமீட்டருக்கும் அது தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், எர்த் வழியாக அது மின்னோட்டம் எதையும் அனுப்பிப் பார்ப்பதில்லை. லூப் டெஸ்டர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனுக்குத்தான் அது தெரியும். எதையுமே பார்க்காமல் செருகுவதற்கு அந்த மூன்று விளக்கு டெஸ்டர் மேல், அவ்வளவுதான்.

கோடையில் மலைப்பக்கம் போனால் மதியம் மூன்று மணிக்கு மேல் இடி வரும் என்று உங்களுக்கே தெரியும். தூரத்தில் முதல் உறுமல் கேட்டதும் நீலப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு பில்லரைத் தொடப் போகாதீர்கள். கிட்டத்தில் விழுகிற மின்னலுக்கு 40 கிலோ ஆம்பியர் வில்லை ஒரு பொருட்டே இல்லை. பிடுங்கிப் போட்ட பிளக்கைவிட நல்ல சர்ஜ் புரொடெக்டர் இன்னும் வரவில்லை.

இன்னொன்று, தம்பி. அந்த 30 ஆம்பியரைப் பார்த்து நம் 16 ஆம்பியர் பிளக் சிறியது என்று நினைக்க வேண்டாம். அங்கே 120 பெருக்கல் 30, 3600 வாட். இங்கே 230 பெருக்கல் 16, 3680 வாட். நம்ம பிளக்தான் ஒரு பல்பு அதிகம். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

கேள்வி: தாத்தா, 'சர்ஜ்' என்று எழுதிய மல்டி பிளக் ஒன்று ஆறு வருடமாக வைத்திருக்கிறோம். கேரவனில் அதையே போட்டால் போதாதா? (ஒரு வாசகி, டர்பன் ஃபீனிக்ஸ்)

பதில்: அதில் செருகியதை மட்டும் அது கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் அம்மா. ஃபிரிஜும் பேட்டரி சார்ஜரும் கேரவன் சுவருக்குள்ளேயே வயர் போட்டு வந்தவை, அவற்றுக்கு அது இருப்பதே தெரியாது. அப்புறம் ஆறு வருடம் என்கிறீர்கள். ஒவ்வொரு சின்ன அடிக்கும் வில்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 2022லும் 2023லும் நாம் பட்ட லோட் ஷெடிங் பாட்டில், கரண்ட் போய்ப் போய் வந்ததற்கு உங்கள் வில்லை எத்தனை அடி வாங்கியிருக்கும்! அதிலே ஒரு பச்சை விளக்கு எரிகிறதா? 'புரொடெக்டட்' என்று எழுதிய விளக்கு அணைந்திருந்தால் அது இப்போது வெறும் மல்டி பிளக். பளிச்சென்று எரிகிற ஆரஞ்சு நிற ஸ்விட்சைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கரண்ட் இருக்கிறது என்பதற்கு மட்டும்.

கேள்வி: 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ரீல் ஒன்று, பாதி மட்டும் பிரித்து ஹீட்டருக்குப் போட்டோம். ராத்திரியில் பிளாஸ்டிக் வாசனை. காலையில் பார்த்தால் ரீல் நடுவில் எல்லா வயரும் ஒட்டிக்கிடக்கிறது. கம்பெனிச் சரக்கு சரியில்லையா? (ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: சரக்கின் மேல் பழி போட முடியாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ரீல் பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டர் வயர். 30 மீட்டர் போய் 30 மீட்டர் திரும்பி வருவதில் ஒன்றேகால் ஓம் பக்கம் எதிர்ப்பு இருக்கும். ஹீட்டர் 10 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே நூறு வாட்டுக்கு மேல் சூடு. நீட்டி விரித்திருந்தால் காற்றில் போய்விடும். பிரிக்காத பாதியின் சூட்டுக்குச் சுருளுக்குள்ளே போக வழியில்லை, ஒரு பழைய குண்டு பல்பைக் கம்பளியில் சுற்றி வைத்த மாதிரி. அடுத்த தடவை ரீலை முழுக்கப் பிரியுங்கள், மீதியைக் கேரவனுக்கு அடியில் பெரிய வளையமாகத் தளர்வாகப் போடுங்கள். ஹீட்டர், கெட்டில் ஓட வேண்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் கேப்டயர்தான். ஒட்டிப்போன ரீலை, நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.